வீட்டுப் படத்தைத் திருத்துவது எப்படி: அத்திவாரம் வெட்டுவதற்கு முன்

புதிய வீட்டுக்கான முதற்படம் கையில் கிடைத்ததும் மட்டக்களப்பில் அநேகமான குடும்பங்கள் அறைகளைத்தான் முதலில் எண்ணுகின்றன. மூன்று அறை, ஒரு ஹோல், சாப்பாட்டறை, குசினி, சாமி அறை, முன் விறாந்தை என்று எல்லாம் இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. அடுத்த கிழமையே மேசனோடு பேச்சுத் தொடங்கிவிடுகிறது. வீட்டுப் படம் கீறுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், கேட்ட அறைகள் அனைத்தும் இருந்தும் குடியிருப்பதற்கு இடைஞ்சலாக அமைந்துவிட்ட வீடுகள் பலவற்றுக்குள் நான் போய் வந்திருக்கிறேன். அவற்றில் குறை அறைகளின் எண்ணிக்கையில் இல்லை. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஆட்கள் எப்படிப் போகிறார்கள், காற்று எவ்வழியாக நுழைந்து எவ்வழியாக வெளியேறுகிறது, பின்னேர வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பவற்றைக் கட்டுவதற்கு முன் யாரும் பார்க்காமல் விட்டதுதான் குறை.

முதற்படம், எந்த அறை எங்கே என்று மட்டுமே சொல்லும். படத்தைத் திருத்துதல் என்பது அறைகளைக் கூட்டுவதோ குறைப்பதோ அன்று. ஒரு முழு நாளின் வாழ்க்கையை அந்தத் தாளுக்குள் நடத்திப் பார்த்து, இடிபடும் இடங்களில் கோடுகளையும் கதவுகளையும் நகர்த்துவது. தாளில் ஒரு சுவரை இரண்டு அடி தள்ளுவதற்கு அழிறப்பர் போதும். அதே சுவர் கட்டி முடிந்த பிறகென்றால் உடைப்பு, குப்பை, புதிய கல், புதிய பூச்சு என்று செலவு பலமடங்காகிவிடும்.

திருத்துவதற்கு முன் படத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். யன்னல் உயரத்தில் வீட்டைக் கிடையாக அறுத்து, மேற்பகுதியைத் தூக்கிவிட்டு, மேலே நின்று கீழே பார்த்தால் தெரிவதுதான் தரைப்படம். இரட்டைக் கோடு சுவர். கால் வட்ட வளைவு கதவு திறக்கும் பக்கம். சுவருக்குள் ஓடும் மெல்லிய கோடுகள் யன்னல். நம் பகுதியில் படங்கள் பெரும்பாலும் 1:100 அளவுத்திட்டத்திலோ, ஓர் அங்குலத்துக்கு 8 அடி என்ற கணக்கிலோ கீறப்படுகின்றன. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் அளவுக்கோடு. 10 அடிக்கு 10 அடி என்று எழுதியிருந்தால், அது சுவரின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கத்துக்கா, சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கா என்று கேட்டுவிடுங்கள். 6 அங்குலக் கல்லும் இரு பக்கமும் அரை அங்குலப் பூச்சும் சேர்ந்த சுவர் 7 அங்குலம் தடிக்கும். ஆகவே நடுவிலிருந்து நடுவுக்கு அளந்த 10 அடி அறைக்குள் உண்மையில் கிடைப்பது 9 அடி 5 அங்குலம்தான். அலுமாரி ஒரு மூலைக்குள் நுழையுமா இல்லையா என்பதை இந்த 7 அங்குலம் தீர்மானிக்கக்கூடும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. கல்லடிப் பக்கம் ஏறக்குறைய 15 பேர்ச் காணி; தெற்கு வடக்காக 50 அடி, கிழக்கு மேற்காக 80 அடி; வீதி மேற்கே. மூத்த மகளுக்கென்று தாயும் தகப்பனும் கட்டும் வீடு. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறவர் என்பதால், படத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்பவர்கள் பெற்றோராகவும், அதற்குள் முப்பது நாற்பது வருடம் வாழப்போகிறவர்கள் மகளும் மருமகனும் பிள்ளைகளுமாகவும் இருப்பது வழக்கம். வயது போன காலத்தில் தாயும் தகப்பனும் பெரும்பாலும் அதே வளவுக்குள்தான் இருப்பார்கள். ஆகவே படத்தைத் திருத்தும்போது மகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அந்த வீட்டின் முதற்படம் அகலம் 30 அடி, நீளம் 36 அடி. மொத்தம் 1080 சதுர அடி. மேற்கே விறாந்தையும் ஹோலும். ஹோலிலிருந்து கிழக்கு நோக்கி 4 அடி அகலமும் 22 அடி நீளமும் கொண்ட நடை ஒன்று நடுவால் ஓடியது. அதன் இரு பக்கமும் அறைகள். கடைசியில் குசினியும், அதை ஒட்டி வடகிழக்கில் குளியலறையும் மலசலகூடமும். பார்க்க ஒழுங்கான படம்தான். ஆனால் அந்த நடையின் பரப்பை மட்டும் பெருக்கிப் பாருங்கள்: 88 சதுர அடி. 8 அடிக்கு 11 அடி அறை ஒன்றுக்குச் சமமான பரப்பு அது. அதற்கும் அத்திவாரம், தரை, கூரை, பூச்சு எல்லாம் வேண்டும். ஆனால் அதில் ஒரு கதிரை போட்டு இருக்க முடியாது, யன்னல் இல்லாததால் பகலிலும் மின்குமிழ் எரிய வேண்டும். நடப்பதற்கு மட்டும் பயன்படும் இத்தகைய இடத்தை நடமாட்டப் பரப்பு என்கிறோம். அது இல்லாமல் வீடு இல்லை. ஆயினும் ஒரு படத்தில் முதலில் குறைத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான்.

குறைப்பதற்கான வழி, அறைக் கதவுகளை ஓரிடத்தில் கூட்டுவது. நடையின் நீளத்தைத் தீர்மானிப்பது ஒரு கதவுக்கும் மறு கதவுக்கும் இடையிலுள்ள தூரமே. இந்தப் படத்தில் சாப்பாட்டு இடத்தை ஹோலின் தொடர்ச்சியாக நடுவுக்குக் கொண்டுவந்து, மூன்று அறைக் கதவுகளும் குளியலறைக் கதவும் 4 அடிக்கு 8 அடி கொண்ட சிறு முன்றலைச் சுற்றி அமையும்படி மாற்றியதும், நடை 32 சதுர அடியாகச் சுருங்கியது. மிஞ்சிய 56 சதுர அடி சாப்பாட்டு இடத்தோடு சேர்ந்தது. நல்லது கெட்டது என்று ஆட்கள் கூடும் நாளில் ஹோலும் சாப்பாட்டு இடமும் ஒரே மண்டபமாக விரிவது, தனியான ஒரு பெரிய அறையைவிடப் பயன் தருவது என்பது என் கருத்து.

நடமாட்டத்தைப் பார்ப்பதற்கு நிறப் பென்சில்கள் போதும். படத்தின் நகல் ஒன்றில், காலையில் எழும்பும் தாய் படுக்கையிலிருந்து மலசலகூடத்துக்கும் கிணற்றடிக்கும் குசினிக்கும் போகும் வழியை ஒரு நிறத்திலும், பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் வழியை இன்னொரு நிறத்திலும், வந்த விருந்தாளி கை கழுவப் போகும் வழியை மூன்றாவது நிறத்திலும் கீறுங்கள். கோடுகள் எங்கே முடிச்சுப் போடுகின்றனவோ அங்கே இடிபாடு இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் விருந்தாளியின் கோடு முழு நடையையும் கடந்து, குசினி வாசலை உரசி, அதற்கப்பால்தான் தண்ணீரைத் தொட்டது. சமைத்துக்கொண்டிருப்பவரைத் தாண்டித்தான் எவரும் மலசலகூடத்துக்குப் போக முடியும் என்பதை வெறுமனே படத்தைப் பார்த்தபோது அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. கோடு கீறியதும் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

தாளில் முடிந்த சோதனையைக் காணியிலும் ஒரு தரம் செய்து பார்க்க வேண்டும். கல்லடி மணல் அதற்கு மிகவும் வசதியானது. நான்கு முளைகளை அடித்துத் தும்புக் கயிறு இழுத்து, தாய்க்கென்று ஒதுக்கிய அறையை அதன் உள்ளளவில், 9 அடி 5 அங்குலத்துக்கு, மணலில் குறித்தோம். கட்டில் இருக்கும் இடத்தில் இரண்டு பாய்களைப் பக்கம் பக்கமாக விரித்து, 6 அடி 3 அங்குலத்துக்கு 5 அடி வரும்படி மடித்துவிட்டோம். அலுமாரிக்குப் பலகையொன்று. கதவுக்கு, நிலை வரும் இடத்தில் ஒரு தடியை ஊன்றி, 2 அடி 6 அங்குலக் கயிற்றைக் கட்டி, அதன் நுனியால் மணலில் கால் வட்டம் கீறினோம். வட்டம் பாயின் கால்மாட்டை வெட்டிக்கொண்டு போனது. அந்த அம்மா பாயில் படுத்து, எழும்பி, கதவுப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றார். "மனே, ராவில ரெண்டு மூணு தரம் எழும்புறன். இந்தக் கதவுக்குள்ளால நான் எப்பிடிப் போறது?" என்று கேட்டார். படத்தில் கதவை ஒன்றரை அடி மூலைப் பக்கம் நகர்த்தி, கட்டிலின் பக்கம் திறந்த கதவைச் சுவர்ப் பக்கம் திறக்கும்படி மாற்றினோம். அகலத்தையும் 3 அடியாக்கினோம். ஒரு காலத்தில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால் 2 அடி 6 அங்குலக் கதவு அதற்குப் போதாது. கால் மணித்தியாலம்கூடச் செல்லவில்லை.

காற்றும் வெயிலும் அடுத்தவை. இதில் ஊருக்கு ஊர் நியாயம் வேறு. கண்டியிலோ கொழும்பிலோ நன்றாக அமைந்த ஒரு படத்தை அப்படியே இங்கே கொண்டுவருவது பல வேளைகளில் பிழைத்துப்போவதற்கு இதுவே காரணம். மட்டக்களப்பு ஏறக்குறைய 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் சித்திரை முற்பகுதியிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே நிற்கிறது. நமக்கு வறட்சியும் கச்சான் காற்றும் உள்ள காலம் அந்த வடக்கு வெயிற் காலத்தோடு பெரிதும் ஒத்துப்போகிறது. கச்சான் தென்மேற்குப் பருவக்காற்று. மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இறங்கும்போது சூடேறி, நம்மிடம் அனலாக வந்து சேர்கிறது. ஆகவே கோடைப் பின்னேரங்களில் சுடுவது மேற்குச் சுவரும் வடக்குச் சுவரும். தெற்குச் சுவர் அந்த மாதங்களின் நண்பகலில் நிழலில் இருக்கும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், வீடு அமையும் இடத்தைக் குறித்து நிலையம் எடுக்கும் சாத்திரியாரின் சொல்லுக்கும் வெயிலின் போக்கிற்கும் இடையே பலர் நினைக்கும் அளவுக்குச் சண்டை இல்லை என்பது தெரியும். தலைவனின் அறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், இருக்க வேண்டும் என்பது வழக்கு. அந்த மூலை பின்னேர வெயிலில் வேகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். மேற்குச் சுவரைப் பொறுத்தவரை பயம் நியாயமானது. ஆனால் அறையின் யன்னலைத் தெற்குச் சுவரில் வைத்து, மேற்குச் சுவரை அலுமாரிக்கு விட்டு, வெளியே விறாந்தையின் கூரையை அதன் மேல் வரை நீட்டிவிட்டால் அறை தாங்கும். தலைக்கு மேல் நிற்கும் வெயிலை யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் தட்டு மறைக்கும். சரிந்து விழும் பின்னேர வெயிலை அது மறைக்காது. அதற்கு விறாந்தையோ மரமோதான் வேண்டும். கச்சான் அடிக்கும் பகலில் தெற்கு யன்னலைச் சாத்தி வைத்து, கடற்காற்று எழும்பிய பிறகு திறப்பது இங்குள்ளவர்களுக்குப் புதிய பழக்கமன்று. வடமேற்கு மூலைதான் கோடையில் இரு பக்கமும் சுடும் மூலை. யாரும் நீண்ட நேரம் இருக்காத குளியலறையையும் சாமான் அறையையும் அங்கே வைப்பது நல்லது. அவை உள்ளறைகளுக்கு ஒரு தடுப்பாக நிற்கும்.

கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஓர் அறைக்கு ஒரு யன்னல் மட்டும் இருந்தால் காற்று வாசலில் நின்றுவிடும். உள்ளே வந்த காற்று வெளியேறுவதற்கு எதிர்ச் சுவரிலோ பக்கச் சுவரிலோ இன்னொரு வழி வேண்டும். அப்படி இடமில்லாத அறைக்குக் கதவு நிலைக்கு மேல் காற்றுத் துவாரமாவது விடுங்கள்.

அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கில், குசினி வைக்கும்போது இதே கடற்காற்று கவனத்துக்குரியது. விறகடுப்பு எரியும் வீட்டில், கிழக்கு யன்னலால் நுழையும் காற்று உட்கதவு வழியாகப் புகையை ஹோலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். அடுப்பைத் தெற்குச் சுவரோடு வைத்து, அதற்கு மேல் புகைபோக்கியும் பக்கத்தில் யன்னலும் விட்டால், புகைக்குக் கிட்டிய வழி வெளியே இருக்கும். பின்வாசலையும் கிழக்கில் வையாமல் குசினியின் தெற்குச் சுவரில் வையுங்கள். கார்த்திகை, மார்கழி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிப்பது. கிழக்குப் பார்த்த பின்வாசல் நிலை அந்த இரண்டு மூன்று மாதமும் நனைந்து, சில வருடங்களில் அடிக்கட்டை உக்கிவிடுகிறது.

தண்ணீர் விடயத்தில் நான் சற்றுப் பிடிவாதமாகவே எழுதுகிறேன். குசினியையும் குளியலறையையும் ஒரே சுவரின் இரு பக்கமும் வைத்தால் குழாய்ச் செலவு மிச்சம் என்பது கட்டடக் கலையில் பொதுவாகச் சொல்லப்படும் நல்ல யோசனை. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நம் மணற்றரையில் நிலத்தடி நீர் மிகக் கிட்டத்தில் இருக்கிறது. மழைக் காலத்தில் இன்னும் மேலே வருகிறது. மணல் தண்ணீரை விரைவாகக் கடத்துவதால், மலக்குழியிலிருந்து கசியும் நீர் போதிய அளவு வடிகட்டப்படாமலே கிணற்றைச் சென்றடையலாம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடியாவது விட வேண்டும் என்று ஊரில் சொல்வார்கள். இடம் இருந்தால் அதற்கும் கூடுதலாக விடுவதே நல்லது. முதற்படத்தில் கிணறு ஈசான மூலையில், குளியலறையும் வடகிழக்கில். குழியை வீட்டின் பின்னால் வெட்டியிருந்தால் இரண்டுக்கும் இடையே 20 அடிகூட வந்திராது. குளியலறையை வடமேற்குக்கு மாற்றியதும் குழி வீதிப் பக்கமாகப் போனது. கிணற்றுக்கும் அதற்கும் இடையே 60 அடிக்கு மேல் கிடைத்தது. குசினித் தண்ணீர் இதனோடு சேரத் தேவையில்லை. அது வழக்கம்போல் வாழையடிக்குப் போகலாம். குழாய் சில அடி கூடினாலும், குடிக்கும் தண்ணீருக்காக அந்தச் செலவை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

இங்கே பலரும் மறந்துபோகும் ஒன்று அயலவரின் கிணறு. உங்கள் கிணற்றிலிருந்து 60 அடி தள்ளி வெட்டிய குழி, வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றுக்கு 15 அடியில் இருக்கலாம். ஆகவே வளவுப் படத்தில் உங்கள் எல்லைக்குள் இருப்பவற்றோடு, சுற்றியுள்ள மூன்று காணிகளின் கிணறுகளையும் மலக்குழிகளையும் குறித்துவிட்டுத்தான் உங்கள் குழியின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டின் வெளிக்கோட்டையும் ஒரு முறை பாருங்கள். முகப்பு அழகுக்காக ஓர் அறையை முன்னே தள்ளுவதும், இன்னொன்றை உள்ளே இழுப்பதும் இப்போது பெரிதும் விரும்பப்படுகிறது. 30 அடிக்கு 36 அடி நீள்சதுர வீட்டின் சுற்றளவு 132 அடி. அதே 1080 சதுர அடியை, 36 அடிச் சதுரத்திலிருந்து 12 அடிக்கு 18 அடி மூலையொன்றை வெட்டியெடுத்த வடிவில் அமைத்தால் சுற்றளவு 144 அடியாகிறது. ஒரு சதுர அடி இடமும் கூடாமலே 12 அடி அத்திவாரமும் 12 அடி வெளிச்சுவரும் கூடுகின்றன. அதைவிட முக்கியமானது, உள்மடிந்த ஒவ்வொரு மூலைக்கும் மேலே இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் பீலி ஒன்று வருகிறது. மழை ஒழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்த வயதானவர்கள் எந்தக் கூரைகள் போயின, எவை நின்றன என்று இன்றும் சொல்வார்கள், அவர்களிடம் கேளுங்கள். கூரைக் கட்டு எவ்வளவு எளிமையோ, அவ்வளவுக்கு அதை இறுக்கிக் கட்டுவதும் எளிது.

2011 ஜனவரி வெள்ளத்தின்போது தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்பதையும் அதே ஆட்களிடம் கேட்டு, தரைமட்டத்தை அதற்கு மேலே வையுங்கள். தரை உயர்ந்தால் வாசற்படிகள் கூடும். படிகளுக்கும், வயதானவர்களுக்கான ஒரு சாய்தளத்துக்கும் விறாந்தையின் முன்னால் இடம் விட்டிருக்கிறதா என்று படத்தில் சரிபார்க்க வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர 12 அடியாவது நீளம் வேண்டும் என்பதால், பிறகு பார்ப்போம் என்று விட்டால் இடம் கிடைக்காது.

இத்தனையும் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ படத்தைக் கொடுப்பதற்கு முன் முடிய வேண்டிய வேலை. அனுமதி கிடைத்த பின் சுவரையோ மலக்குழியையோ மாற்றினால் திருத்திய படத்தை மீண்டும் சமர்ப்பிக்க வேண்டி வரும். கடலோரக் காணிக்காரர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது: 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயம் என்று வரையறுக்கிறது. கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்ப் பக்கம் காணி உள்ளவர்கள் படம் கீறத் தொடங்கும் முன்பே கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தில் விசாரிப்பது நல்லது. சுனாமிக்குப் பிறகு கரையோரக் கட்டுப்பாடுகள் மாறி மாறி வந்திருப்பதால், அயலவர் சொன்னதை மட்டும் நம்ப வேண்டாம்.

எத்தனை தரம் திருத்துவது என்று கேட்பவர்களுக்கு நான் மூன்று தரம் என்று சொல்வதுண்டு: ஒரு தரம் நடமாட்டத்துக்கு, ஒரு தரம் காற்று வெயில் தண்ணீருக்கு, ஒரு தரம் கட்டில், அலுமாரி, கதவுகளுக்கு. ஒவ்வொரு தரமும் புதிய தாளில் கீறி, மூலையில் திகதியும் திருத்த இலக்கமும் எழுதுங்கள். கடைசிப் படம் முடிவானதும், அதற்கு முன் மேசனிடமும் ஓடாவியிடமும் கொடுத்த படங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். திருத்திய படம் அலுமாரிக்குள் இருக்க, சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த இரண்டாம் திருத்தத்தைப் பார்த்து மேசன் அத்திவாரம் வெட்டிய வளவு ஒன்றில் நான் நின்றிருக்கிறேன். அந்த வீட்டில் குளியலறை இன்றும் கிணற்றுப் பக்கம்தான் இருக்கிறது.